தோல் நோய்க்கு மானிட்டரில் டாக்டர்

வீட்டிற்குக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. பிள்ளைகள் பாடம் படிக்கிறார்கள். ரயில் டிக்கெட் எடுக்கிறோம்; மின் கட்டணம் கட்டுகிறோம். வெளியூரில் இருக்கும் உறவினர்களை வெப் கேமராவில் பார்த்துப் பேசுகிறோம். ஆண்டுக்கணக்கில் தோல் நோயால் அவதிப்படும் ஒருவருக்கு இதே கம்ப்யூட்டரும் கேமராவும் எந்த அளவிற்கு உதவும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

ஓர் எடுத்துக்காட்டு பார்க்கலாம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் மெஷினில் வேலை பார்க்கும் ஒருவருக்கு சோரியாசிஸ் என்று வைத்துக் கொள்வோம். வீடு ஆவடியில். டாக்டர் மாதம் ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார். காலையில் மின்சார ரயில் ஏறி சென்ட்ரல் வந்து, எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, டாக்டரைப் பார்த்து, பின் மருந்துக்கு இன்னொரு வரிசையில் நின்று வீடு திரும்பினால் அன்றைய வேலை போய்விடும். டாக்டர் பார்ப்பது சில நிமிடங்கள். செலவாவது ஒரு நாள் சம்பளம். மூன்று மாதங்கள் போவார். நான்காவது மாதம், "போன முறை கொடுத்த அதே களிம்புதானே" என்று மெடிக்கல் ஷாப்பில் பழைய சீட்டைக் காட்டி வாங்கிக் கொள்வார். அதன் பின் சீட்டும் தேவைப்படாது. நோய் மாறியிருக்கும், மருந்து மட்டும் மாறாமல் இருக்கும். இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

பூந்தமல்லிக்காரருக்கும் இதே நிலைதான். கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனை பூந்தமல்லி நெடுஞ்சாலையிலேயே இருந்தாலும், போய் வர அரை நாளுக்கு மேல் ஆகிவிடும்.

இப்படி விட்டுப்போகும் மாதங்களில் டாக்டரை வீட்டிற்கே கொண்டு வருவதுதான் டெலிமெடிசின். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. திரையில் வரும் டாக்டரால் உங்கள் தோலைத் தொட்டுப் பார்க்க முடியாது. நீங்கள் அனுப்பும் படமும், எழுதி வைத்திருக்கும் குறிப்பும்தான் அவருக்குக் கண்ணும் கையும். படம் மங்கலாக இருந்தால் சிகிச்சையும் மங்கலாகத்தான் இருக்கும். எனவே இந்தக் கட்டுரையில் வீடியோ காலைக் காட்டிலும், அதற்கு முன் உங்கள் கம்ப்யூட்டரில் செய்ய வேண்டிய வேலைகளைப் பற்றித்தான் அதிகம் பார்க்கப் போகிறோம்.

எந்த நோய்களுக்கு?

சோரியாசிஸ், கரப்பான் என்று நாம் சொல்லும் எக்ஸிமா, சிமெண்ட், மெஷின் ஆயில், ரப்பர் கையுறை, தலைச்சாயம் போன்றவை பட்டு வரும் ஒவ்வாமைத் தோல் அழற்சி ஆகியவை நாள்பட்ட நோய்கள். சில மாதங்கள் அடங்கியிருக்கும்; பின் மீண்டும் கிளம்பும். முற்றிலும் துடைத்தெறிவது கடினம், கட்டுக்குள் வைத்திருக்கலாம். இவை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதில்லை. சோரியாசிஸ் ஒரு தீவிரமான, தொற்றாத, நாள்பட்ட நோய் என்று உலக சுகாதார நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் 2014ல் தீர்மானமே நிறைவேற்றியுள்ளன.

இத்தகைய நோயில் ஒருமுறை நோய் இன்னது என்று உறுதியான பின், மாதாமாதம் டாக்டர் பார்ப்பது இதைத்தான்: பரப்பு கூடியிருக்கிறதா, தடிப்பும் செதிலும் குறைந்துள்ளனவா, அரிப்பு எப்படி இருக்கிறது, மருந்து ஒத்துக் கொள்கிறதா? இவற்றில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரிபவை, படத்தில் அடங்குபவை.

இது வெறும் நம்பிக்கை அல்ல. அமெரிக்காவில் சோரியாசிஸ் உள்ள 296 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை நேரிலும், மற்றவர்களைப் படங்கள் மூலம் ஆன்லைனிலும் 12 மாதங்கள் கவனித்தனர். 2018ல் வெளியான முடிவின்படி இரு பிரிவினரிடமும் நோய் ஏறத்தாழ ஒரே அளவில் குறைந்திருந்தது.

நம் ஊருக்கும் இது புதிதல்ல

ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் உள்ள அரகொண்டா கிராமத்தில் 2000ஆம் ஆண்டு அப்போலோ மருத்துவமனை டெலிமெடிசின் மையம் ஒன்றை அமைத்தது. அங்குள்ள நோயாளிகளைச் சென்னை டாக்டர்கள் திரையில் பார்த்தனர். பின்னர் இஸ்ரோவின் சாட்டிலைட் இணைப்பும் இத்தகைய மையங்களுக்குக் கிடைத்தது. அன்று அதற்குத் தனி அறையும் தனிக் கருவிகளும் தேவைப்பட்டன. இன்று அந்த வேலையை உங்கள் மேஜை மீதுள்ள கம்ப்யூட்டரே செய்துவிடும்.

சட்டப்படியான தெளிவு 2020ல் வந்தது. அந்த ஆண்டு மார்ச் 25ல் மத்திய அரசு டெலிமெடிசின் வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. அடுத்த மாதமே, வீட்டிலிருந்து டாக்டரைப் பார்க்கும் இ-சஞ்சீவனி சேவை தொடங்கியது. மொஹாலியில் உள்ள சி-டாக் நிறுவனம் இதனை உருவாக்கியது. தொடங்கிய ஆண்டில் இதனை அதிகம் பயன்படுத்திய மாநிலங்களில் தமிழ்நாடு முன்வரிசையில் இருந்தது.

முதல் முறை நேரில்தான்

படத்தில் பார்க்க ஒன்று போலவே இருக்கும் தோல் நோய்கள் பல உண்டு. படர்தாமரைக்கு ஸ்டீராய்டு களிம்பு தடவினால் அதன் உருவமே மாறி எக்ஸிமா போலத் தெரியும். தோலைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால்தான் பூஞ்சை தெரியும். வெளிறிய தேமல் ஒன்று சாதாரணமானதா, தொழுநோயா என்பதை உணர்ச்சி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தே சொல்ல முடியும். இவற்றை வெப் கேமரா செய்யாது.

எனவே முதலில் நேரில் சென்று நோய் எது என்று உறுதி செய்து கொள்ளுங்கள். அரசு நெறிமுறையும் இதற்கு இசைவாகவே உள்ளது. நேரில் பார்த்த 6 மாதங்களுக்குள், அதே டாக்டரை, அதே நோய்க்காகத் திரையில் பார்த்தால் அது தொடர் சிகிச்சையாகக் கொள்ளப்படுகிறது. அப்போது டாக்டர் எழுதக்கூடிய மருந்துகளின் பட்டியல், முன்பின் பார்த்திராத நோயாளிக்கு எழுதுவதைக் காட்டிலும் பெரியது. நேரில் பார்க்கும்போதே "இடையில் வீடியோவில் பார்க்க முடியுமா?" என்று டாக்டரிடம் கேட்டு வைத்துக் கொள்ளுங்கள்.

படம் எடுக்கும் முறை

வெப் கேமராவில் பேசலாம். ஆனால் தோலைக் காட்ட அது போதாது. சாதாரண லேப்டாப் கேமரா பலவற்றின் திறன் 1 மெகாபிக்ஸல் அளவுதான். உங்கள் மொபைல் போனில் 12 மெகாபிக்ஸலோ அதற்கு மேலோ இருக்கும். எனவே படங்களைப் போனில் எடுத்து முன்கூட்டியே அனுப்பிவிட்டு, பேசுவதற்குக் கம்ப்யூட்டரைப் பயன்படுத்துங்கள்.

1. பகல் நேரத்தில் ஜன்னல் ஓரம் எடுக்கவும். நேரடி வெயில் வேண்டாம். பிளாஷ் வேண்டவே வேண்டாம். அது செதிலையும் சிவப்பையும் வெளுக்கச் செய்துவிடும்.

2. களிம்போ தேங்காய் எண்ணெயோ தடவும் முன் எடுக்கவும். எண்ணெய் தடவினால் செதில் மறைந்து, தோல் பளபளக்கும்.

3. கேமராவில் பியூட்டி, பில்டர் போன்றவை இயக்கத்தில் இருந்தால் நிறுத்தவும். முகத்தை வழவழப்பாக்கும் இந்த வசதிகள் நோயையும் சேர்த்து அழித்துவிடும்.

4. ஒவ்வோர் இடத்திற்கும் மூன்று படங்கள் போதும். முதலாவது, எந்த உறுப்பு என்று தெரியும்படி தூரத்திலிருந்து. இரண்டாவது, பாதிக்கப்பட்ட பகுதி மட்டும் அருகிலிருந்து. பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைக்கவும். மூன்றாவது, சற்றுச் சாய்வாக, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி. தடிப்பு எவ்வளவு என்பதை இந்த மூன்றாவது படம்தான் காட்டும்.

5. ஜூம் செய்யாமல் போனையே அருகில் கொண்டு செல்லவும். திரையில் அந்த இடத்தைத் தொட்டு, போகஸ் ஆன பின் எடுக்கவும். பின்னால் பூப்போட்ட போர்வை இருந்தால் போகஸ் அங்கே போய்விடும். ஒரே நிறத் துணியை விரிக்கவும்.

6. ஒவ்வொரு மாதமும் அதே இடம், அதே ஜன்னல், ஏறத்தாழ அதே நேரம்.

நம்மவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நம் தோல் நிறத்தில் அழற்சி எப்போதும் சிவப்பாகத் தெரிவதில்லை. ஊதா கலந்தோ, பழுப்பாகவோ, சாம்பல் கருமையாகவோ தெரியும். நோய் ஆறிய பின்னும் கறுப்புத் தழும்பு பல மாதங்கள் நிற்கும். வெறும் படத்தில் இவை இரண்டும் குழம்பக்கூடும். "இந்த இடம் இப்போது அரிக்கிறதா, தடவினால் சொரசொரப்பாக இருக்கிறதா, இல்லை வெறும் கறுப்பா?" என்று ஒரு வரி எழுதி அனுப்பினால் டாக்டருக்குப் பெரிதும் உதவும்.

ஒவ்வாமை என்றால், உங்கள் கையில் படும் பொருளின் லேபிளையும் படம் எடுக்கவும். ஆயில் டின்னில் எழுதியிருப்பது, கையுறைப் பாக்கெட், சோப்பு உறை, தலைச்சாய டப்பா எல்லாம் துப்புகள்தாம்.

கம்ப்யூட்டரில் அடுக்கும் முறை

போனை யு.எஸ்.பி. கேபிள் மூலம் கம்ப்யூட்டரில் இணைக்கவும். ஆண்ட்ராய்டு போன் என்றால் திரையில் பைல் ட்ரான்ஸ்பர் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். பின் பைல் எக்ஸ்புளோரரில் உங்கள் போன் ஒரு டிரைவ் போலத் தெரியும். அதில் டிசிஐஎம், அதனுள் கேமரா என்ற போல்டரில் படங்கள் இருக்கும். ஐபோன் எடுக்கும் படங்கள் சில கம்ப்யூட்டர்களில் திறக்காது. அதன் செட்டிங்ஸில் கேமரா, பார்மட்ஸ் சென்று மோஸ்ட் கம்பாட்டிபிள் என்பதைத் தேர்ந்தெடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

டாக்குமெண்ட்ஸ் போல்டரில் "தோல்" என ஒரு போல்டர் உருவாக்கவும். அதனுள் மாதத்திற்கு ஒரு போல்டர். படத்தைத் தேர்ந்தெடுத்து எப் 2 கீயை அழுத்தி, 2025-06-01-இடது முழங்கை-1 என்பது போலப் பெயர் கொடுக்கவும். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால், பெயர் வாரியாக அடுக்கும்போது தேதி வாரியாகவும் தானே அடுக்கப்பட்டுவிடும்.

சென்ற மாதப் படத்தைத் திறந்து விண்டோஸ் கீயுடன் இடது அம்புக்குறி கீயை அழுத்தவும். இந்த மாதப் படத்தைத் திறந்து விண்டோஸ் கீயுடன் வலது அம்புக்குறி கீயை அழுத்தவும். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். வித்தியாசம் உங்களுக்கே தெரியும். ஒப்பிடும்போது நைட் லைட் வசதி இயக்கத்தில் இருந்தால் நிறுத்திவிடவும். இல்லையெனில் எல்லாம் மஞ்சளாகத் தெரியும்.

அடுத்து ஓர் எக்ஸெல் ஒர்க்ஷீட். ஞாயிறு தோறும் ஒரு வரி போதும். தேதி, அரிப்பு 10க்கு எத்தனை, அந்த வாரம் அரிப்பால் தூக்கம் கெட்ட இரவுகள் எத்தனை, பரப்பு எத்தனை உள்ளங்கை, தடவிய, சாப்பிட்ட மருந்துகள், புதிதாக ஏதேனும் நடந்ததா என ஆறு நெட்டு வரிசைகள். விரல்களையும் சேர்த்து உங்கள் உள்ளங்கையின் பரப்பு, உங்கள் உடல் பரப்பில் ஏறத்தாழ 1 சதவீதம். "நிறைய இருக்கு டாக்டர்" என்பதைவிட "ஐந்து உள்ளங்கை அளவு இருந்தது, மூன்றாகிவிட்டது" என்பது டாக்டர் கணக்கிடக்கூடிய தகவல்.

எக்ஸெல் பழக்கமில்லை என்றால் நோட்பேட் போதும். அதில் எப் 5 கீயை அழுத்தினால் அன்றைய தேதியும் நேரமும் தானாக வந்து அமரும்.

அனுப்பும் முறை

வாட்ஸ்அப்பில் படத்தைப் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டுத் தெளிவு குறையும். இணைப்பு ஐகானை அழுத்தி, டாக்குமெண்ட் என்பதைத் தேர்ந்தெடுத்து அனுப்பினால் எடுத்தபடியே போகும். ஜிமெயிலில் ஓர் அஞ்சலுக்கு 25 எம்பி வரைதான் இணைக்கலாம். எனவே எல்லாப் படங்களையும் கொட்டாமல், தெளிவான ஐந்தாறைத் தேர்வு செய்து அனுப்பவும். எந்த வழியில் அனுப்ப வேண்டும் என்பதை டாக்டரிடம் முதலில் கேட்டுக் கொள்ளவும்.

இ-சஞ்சீவனி

உங்கள் டாக்டரிடம் வீடியோ வசதி இல்லையெனில், மத்திய அரசின் இலவச சேவையான இ-சஞ்சீவனியைப் பயன்படுத்தலாம். கூகுளில் இ-சஞ்சீவனி எனத் தேடி, மத்திய சுகாதார அமைச்சகத்தின் தளத்தை மட்டும் திறக்கவும். மொபைல் எண்ணைக் கொடுத்தால் ஓ.டி.பி. வரும். அதனை டைப் செய்து, நோயாளியின் விவரங்களை நிரப்பி, மருத்துவ அறிக்கைகள் இருந்தால் அப்லோட் செய்திடவும். டோக்கன் கிடைக்கும். உங்கள் முறை வந்தவுடன் டாக்டருடன் வீடியோவில் பேசலாம். முடிந்த பின் மருந்துச் சீட்டு திரையில் கிடைக்கும். அதனை டவுன்லோட் செய்து "தோல்" போல்டரிலேயே சேமிக்கவும்.

இங்கு பெரும்பாலும் பொது மருத்துவர்தான் கிடைப்பார். சிறப்புப் பிரிவுகள் மாநிலத்திற்கு மாநிலம் மாறும். எனவே ஏற்கெனவே தோல் டாக்டர் எழுதிய சீட்டைக் கையில் வைத்துக் கொண்டு பேசுவது நல்லது.

பேசும் முன் ஐந்து நிமிடங்கள் ஒதுக்கி ஒத்திகை பாருங்கள். ஸ்டார்ட் மெனுவில் கேமரா எனத் தேடி இயக்கினால் உங்கள் முகம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் லேப்டாப் கேமராவின் மூடி மூடியிருக்கிறதா எனப் பார்க்கவும். பின் செட்டிங்ஸில் ப்ரைவசி பிரிவில் கேமராவுக்கு அனுமதி உள்ளதா எனச் சோதிக்கவும். கேமராவைப் பயன்படுத்தும் வேறு புரோகிராம் திறந்திருந்தால் மூடவும். தளம் கேமரா, மைக் ஆகியவற்றிற்கு அனுமதி கேட்கும்போது அலோ என்பதில் கிளிக் செய்திடவும். மின்சாரம் போனால் தொடர, போனைச் சார்ஜ் செய்து பக்கத்தில் வைத்துக் கொள்ளவும்.

மருந்துச் சீட்டு வந்த பின்

சீட்டில் டாக்டரின் பெயரும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். இல்லையெனில் கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை.

ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இன்றி விற்கக் கூடாது என 2018 மார்ச்சில் மத்திய அரசு பல களிம்புகளை எச் அட்டவணைக்குள் கொண்டு வந்தது. காரணம் இல்லாமல் இல்லை. நாள்கணக்கின்றித் தடவினால் தோல் மெலியும், வரி விழும். எவ்வளவு தடவுவது என்பதற்கு எளிய அளவு உண்டு. ட்யூபிலிருந்து ஆள்காட்டி விரலின் நுனிக் கணு நீளத்திற்குப் பிதுக்கினால் சுமார் அரை கிராம். பெரியவர்களின் இரண்டு உள்ளங்கைப் பரப்பிற்கு இது போதும். எத்தனை நாள் என்பதை டாக்டரிடம் கேட்டு ஒர்க்ஷீட்டில் எழுதிவிடவும்.

சோரியாசிஸுக்குத் தரப்படும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை வாரத்திற்கு ஒருமுறை மட்டுமே. தவறித் தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. கிழமையைப் பெரிய எழுத்தில் எழுதி மானிட்டரில் ஒட்டுங்கள். போன் காலண்டரிலும் நினைவூட்டல் வையுங்கள். இந்த மருந்திற்கு ரத்தப் பரிசோதனை கட்டாயம். அம்பத்தூரிலோ ஆவடியிலோ உள்ள லேபில் கொடுத்து, அறிக்கையை பி.டி.எப். பைலாக வாங்கி டாக்டருக்கு அனுப்பலாம். அதற்காக நகருக்குள் அலைய வேண்டியதில்லை.

படங்கள் பத்திரம்

இவை உடலின் படங்கள். வீட்டில் பலர் பயன்படுத்தும் கம்ப்யூட்டர் என்றால் உங்களுக்கெனத் தனி யூசர் அக்கவுண்ட் அமைத்துப் பாஸ்வேர்ட் கொடுக்கவும். போனில் எடுக்கும் படங்கள் தாமாகவே கூகுள் போட்டோஸில் ஏறிக் கொண்டிருக்கின்றனவா என்று பார்க்கவும். அனுப்பும் முன் படத்தில் ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ், டீடெய்ல்ஸ் சென்று, கீழே உள்ள தனிப்பட்ட தகவல்களை நீக்கும் லிங்க்கில் கிளிக் செய்தால், எங்கு எடுத்தது என்ற விவரம் இல்லாத பிரதியை உருவாக்கலாம். முகம் தேவையில்லாத படத்தில் முகம் வேண்டாம். பிரைவேட் சென்டரில் இருந்து இந்தப் படங்களை அனுப்ப வேண்டாம். போல்டரின் நகல் ஒன்றைப் பென் டிரைவில் வைத்துப் பூட்டி வைக்கவும்.

எப்போது கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும்?

உடல் முழுவதும் சிவந்து செதில் உதிர்ந்தால். காய்ச்சலுடன் சீழ்க் கொப்புளங்கள் வந்தால். முகமோ உதடோ வீங்கினால், மூச்சுத் திணறினால். கண்ணில் பாதிப்பு வந்தால். எக்ஸிமா உள்ள குழந்தைக்கு வலியுடன் கொத்துக் கொத்தாகக் கொப்புளம் வந்தால், டோக்கனுக்குக் காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவமனை; தேவையெனில் 108. சாப்பிட்டு வந்த ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் சோரியாசிஸ் இப்படிச் சீறிக் கிளம்பக்கூடும். எனவே எந்த மாத்திரையையும் நீங்களாகத் தொடங்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். காலையில் மூட்டுகள் விறைத்து வலித்தால் அதனையும் டாக்டரிடம் கட்டாயம் சொல்லவும். சோரியாசிஸ் மூட்டுகளையும் தாக்கும்.

வீடியோவில் நன்றாகவே போய்க் கொண்டிருந்தாலும் 6 மாதங்களுக்கு ஒருமுறையாவது நேரில் சென்று காட்டுங்கள். அன்று பென் டிரைவையோ, போனில் ஏற்றிய படங்களையோ எடுத்துச் செல்லுங்கள். மாதவாரியாக அடுக்கிய படங்களும் ஒரு பக்கக் குறிப்பும் இருந்தால், அந்தச் சில நிமிடங்களில் டாக்டர் ஆறு மாதங்களையும் பார்த்துவிடுவார்.

இந்த ஞாயிற்றுக் கிழமையே முதல் போல்டரை உருவாக்கிவிடுங்கள். உங்களுக்கு இந்த நோய் இல்லை என்றாலும், கம்ப்யூட்டர் தெரியாத அண்டை வீட்டுப் பெரியவருக்கு இருக்கலாம். அவருக்காக ஜன்னல் ஓரம் மூன்று படங்கள் எடுத்துப் பெயர் கொடுத்து வைப்பது உங்களுக்குப் பத்து நிமிட வேலை. அவருக்கு ஒரு நாள் சம்பளம் மிச்சம்.